பொறி வைத்த நிகழ்தகவுக் கேள்விகளை அவிழ்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிகழ்தகவுக் கேள்விகளில் தடுமாறுபவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: பெரும்பாலும் அவர்கள் கணக்குப் போடுவதில் தவறுவதில்லை. பெருக்கல் சரியாக இருக்கும், பின்னத்தைச் சரியாகச் சுருக்கியிருப்பார்கள், விடை மட்டும் தப்பாக வரும். எதை எதால் வகுப்பது என்று முடிவு செய்த இடத்திலேயே, அதாவது முதல் எண்ணை எழுதுவதற்கு முன்பே வழுக்கியிருப்பார்கள்.

அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளில் பெரிதாகக் கணக்கு கிடையாது என்பதால் பலரும் அவற்றைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். பொறி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தொடங்கும் முன் என்ன வேண்டும்

பின்னம், சதவீதம், கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். தாளும் பேனாவும் கட்டாயம், ஏனென்றால் மனதுக்குள் போடும்போதுதான் 'மொத்தம்' என்ன என்பது நமக்கே தெரியாமல் மாறிவிடுகிறது. கடைசிப் படிக்கு மட்டும் எக்செல் மாதிரி ஒரு விரிதாள் இருந்தால் நல்லது. பேய்ஸ் தேற்றம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது செய்யும் வேலையை 4ஆம் படியில் வெறும் எண்ணிக்கையாகவே செய்துவிடலாம்.

இன்னொன்று: கேள்வியைப் படித்ததும் தோன்றும் விடையை ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அது எந்தப் படியில் உடைகிறது என்று பார்த்தால்தான் உங்கள் ஊகம் வழக்கமாக எங்கே சறுக்குகிறது என்று பிடிபடும். எழுதி வைக்காவிட்டால், விடை தெரிந்த பிறகு 'நானும் அப்படித்தான் நினைத்தேன்' என்று மனம் மாற்றிச் சொல்லிவிடும்.

1. கேள்வியை 'எத்தனை பேரில் எத்தனை பேர்' என்று மாற்றி எழுதுங்கள்

'நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்குச் சோதனை பாசிட்டிவ் வரும்?' இது ஒரு கேள்வி. 'பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருக்கும்?' இது வேறு கேள்வி. காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலவே இருக்கும், ஆனால் முதலாவதில் மொத்தம் நோயாளிகள், இரண்டாவதில் மொத்தம் பாசிட்டிவ் வந்தவர்கள். கேள்வியில் வரும் 'களில்' என்ற ஒட்டுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து அடிக்கோடு போடுங்கள். அவர்கள்தான் பின்னத்தின் பகுதி, அதாவது கீழே வரும் எண்.

இப்படி மாற்றி எழுதுவதாலேயே சில பொறிகள் அவிழ்ந்துவிடும். உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானெமனும் 1983ல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், சமூக அக்கறை மிகுந்த ஒரு பெண்ணை வர்ணித்துவிட்டு, 'இவர் வங்கி ஊழியர்', 'இவர் வங்கி ஊழியர், அதோடு பெண்ணுரிமை இயக்கத்திலும் இருக்கிறார்' என்ற இரண்டில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் இரண்டாவதைச் சொன்னார்கள். 'இப்படிப்பட்ட 100 பெண்களில் எத்தனை பேர் வங்கி ஊழியர்கள்? அந்த வங்கி ஊழியர்களில் எத்தனை பேர் இயக்கத்தில் இருக்கிறார்கள்?' என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைத் தாண்டவே முடியாது.

2. அந்தத் தகவல் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். 'என்ன தெரியும்' என்பது பாதிதான், 'எப்படித் தெரிய வந்தது' என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைக் கேள்வி எழுதியவர் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை.

மூன்று கதவுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு கதவுக்குப் பின்னால் பரிசு, மற்ற இரண்டும் காலி. நீங்கள் 1ஆம் கதவைச் சொல்கிறீர்கள். போட்டியை நடத்துபவர் மற்ற இரண்டில் ஒன்றைத் திறக்கிறார், அது காலி. இப்போது மாற்றிக்கொள்வது நல்லதா?

300 ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். பரிசு ஒவ்வொரு கதவிலும் 100 முறை இருக்கும்.

நடத்துபவருக்குப் பரிசு இருக்கும் இடம் தெரியும், எப்போதும் காலிக் கதவைத்தான் திறப்பார் என்றால், 300 ஆட்டங்களிலும் காலிக் கதவு திறக்கும். மாற்றாமல் இருந்தால் 100 வெற்றி, மாற்றினால் 200. ஆகவே மாற்றினால் 2/3.

அவருக்கும் இடம் தெரியாது, குத்துமதிப்பாக ஒன்றைத் திறந்தார், அது தற்செயலாகக் காலியாக இருந்தது என்றால் கதை மாறிவிடும். பரிசு உங்கள் கதவில் இருக்கும் 100 ஆட்டங்களிலும் அவர் திறப்பது காலிதான். மற்ற 200ல் பாதி முறை பரிசையே திறந்துவிடுவார், அந்த 100 ஆட்டங்கள் நம் கேள்விக்குள் வராது. மிச்சம் 200 ஆட்டங்கள், அதில் மாற்றாமல் இருந்தால் 100, மாற்றினாலும் 100. விடை 1/2.

நம் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டிலும் ஒரே காலிக் கதவுதான், விடை மட்டும் வேறு. 'கதவைத் திறந்த பிறகு மிச்சம் இரண்டு, அதனால் பாதிக்குப் பாதி' என்று சொல்பவர்களும் சரி, 'எப்போதும் மாற்று, 2/3' என்று மனப்பாடமாகச் சொல்பவர்களும் சரி, நடத்துபவர் எந்த விதிப்படி திறந்தார் என்று கேட்கவில்லை. நடத்துபவருக்கு இடம் தெரிந்த ஆட்டத்தில் இரண்டாமவருக்கு விடை பொருந்திப்போகும், ஆனால் கேள்வியைச் சற்று மாற்றினால் மாட்டிக்கொள்வார்.

இரண்டு குழந்தைகள் கணக்கும் இதே வகைதான். 'ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள், ஒன்று பையன், இரண்டும் பையனாக இருக்க வாய்ப்பு என்ன?' ஆண், பெண் வாய்ப்பு சமம் என்று வைத்து 400 குடும்பங்களை எடுங்கள்: பையன்-பையன் 100, பையன்-பெண் 100, பெண்-பையன் 100, பெண்-பெண் 100.

'குறைந்தது ஒரு பையனாவது உண்டா?' என்று கேட்டு 'ஆமாம்' என்ற பதில் வந்தால் 300 குடும்பங்கள் மிஞ்சும், அதில் 100ல் இருவரும் பையன்கள், விடை 1/3. இரண்டு குழந்தைகளில் ஒருவரைத் தற்செயலாகப் பார்த்தீர்கள், அது பையன் என்றால், இருவரும் பையன்களாக உள்ள 100 குடும்பங்களும் வரும், கலந்திருக்கும் 200 குடும்பங்களில் பாதியான 100 மட்டுமே வரும். விடை 1/2. இந்தக் கணக்கை வைத்து மணிக்கணக்கில் சண்டை போடுபவர்கள் ஆளுக்கொரு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

3. சமவாய்ப்பு உள்ளவற்றை மட்டும் பட்டியலிடுங்கள்

'நடக்கும் அல்லது நடக்காது, ஆக 50 சதவீதம்' என்பது புதியவர்கள் மட்டும் செய்யும் தவறு இல்லை, களைப்பாக இருக்கும்போது யாரும் செய்வார்கள். பட்டியலில் இரண்டு வரி இருப்பதால் மட்டும் இரண்டுக்கும் எடை சமமாகிவிடாது.

இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை பதினொரு விதமாக வரலாம், ஆனால் 7க்கு 36ல் 6 வழிகள், 12க்கு ஒரே ஒரு வழி. இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும். இதே தவறு மறைந்து வரும் இடம் பெட்டிக் கணக்கு: ஒரு பெட்டியில் இரண்டு தங்க நாணயம், இன்னொன்றில் இரண்டு வெள்ளி, மூன்றாவதில் ஒன்று தங்கம் ஒன்று வெள்ளி. கண்ணை மூடி ஒரு பெட்டியிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தீர்கள், தங்கம். அதே பெட்டியில் மிச்சமிருப்பதும் தங்கமாக இருக்க வாய்ப்பு?

பெட்டிகளை எண்ணினால் இரண்டு பெட்டிகள் மிஞ்சும், 1/2 என்று தோன்றும். நீங்கள் எடுத்ததோ ஒரு நாணயம். மொத்தம் மூன்று தங்க நாணயங்கள், மூன்றும் கைக்கு வரச் சமவாய்ப்பு, அவற்றில் இரண்டுக்குத் துணை தங்கம். விடை 2/3. எதைக் கையில் எடுத்தீர்களோ அதை எண்ணுங்கள்.

4. சதவீதங்களை 10,000 பேராக மாற்றுங்கள்

ஒரு நோய் 1% பேருக்கு இருக்கிறது. சோதனை, நோய் உள்ளவர்களில் 90% பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 9% பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. நோய் இருக்க வாய்ப்பு என்ன?

10,000 பேரில் 100 பேருக்கு நோய். அதில் 90 பேருக்குப் பாசிட்டிவ். மீதி 9,900 பேருக்கு நோய் இல்லை, அதில் 9%, அதாவது 891 பேருக்கும் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தவர்கள் மொத்தம் 981, அவர்களில் நோயாளிகள் 90 பேர். சுமார் 9%.

'90% துல்லியமான சோதனை' என்று கேட்டதும் மனம் 90 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளும். 9,900 என்ற பெரிய கூட்டம் சதவீதமாகச் சொல்லும்போது கண்ணில் படுவதே இல்லை, ஆட்களாக எழுதினால்தான் தெரியும். 100 பேர் என்று எடுக்காமல் 10,000 என்று எடுக்கச் சொல்வதற்குக் காரணம் பாதி ஆள், கால் ஆள் என்று பின்னம் வராமல் இருக்கத்தான்.

இங்கே அவசரமாக ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு 'பாசிட்டிவ் வந்தாலும் கவலையில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அறிகுறிகளோடு மருத்துவரிடம் வந்தவர்களுக்கு மட்டும் அதே சோதனையைச் செய்கிறார்கள், அவர்களில் 30% பேருக்கு உண்மையிலேயே நோய் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 3,000 நோயாளிகளில் 2,700 பாசிட்டிவ், 7,000 பேரில் 630 தவறான பாசிட்டிவ், 2,700ஐ 3,330ஆல் வகுத்தால் 81%. சோதனை மாறவில்லை, யாரைச் சோதித்தார்கள் என்பது மாறியது. 2ஆம் படி இங்கேயும் வேலை செய்கிறது, பாருங்கள்.

5. 'குறைந்தது ஒன்று' என்று வந்தால் தலைகீழாகப் போடுங்கள்

ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் குறைந்தது ஒரு 6 விழ வாய்ப்பு என்ன? 1/6ஐ நான்கு முறை கூட்டி 4/6 என்பார்கள். அந்தக் கணக்குப்படி ஆறு முறை உருட்டினால் 6 கட்டாயம் விழ வேண்டும், விழாது என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டும்போது இரண்டு 6 விழுந்த ஆட்டங்கள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடுகின்றன.

அதற்குப் பதில் 'ஒன்றுகூட விழாமல்' இருப்பதைப் போடுங்கள்: 5/6ஐ நான்கு முறை பெருக்கினால் 625/1296. மீதி 671/1296, சுமார் 51.8%.

பிறந்தநாள் கணக்கும் இதே வழிதான். 23 பேர் இருந்தால் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்க வாய்ப்பு 50.7%. நம்ப முடியாமல் போவதற்குக் காரணம், 'என் பிறந்தநாளோடு' ஒத்துப்போகிறதா என்று மனம் கேள்வியை மாற்றிக்கொள்கிறது. 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருக்கின்றன, எந்த ஜோடி ஒத்துப்போனாலும் சரி. உங்கள் பிறந்தநாளோடுதான் ஒத்துப்போக வேண்டுமென்றால், பாதி வாய்ப்பைத் தாண்ட உங்களைத் தவிர 253 பேர் வேண்டும்.

6. பெருக்குவதற்கு முன் 'ஒன்று மற்றதைப் பாதிக்குமா?' என்று கேளுங்கள்

நாணயம் தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்தால் ஆறாவது முறை பூ விழ வாய்ப்பு அதிகமா? இல்லை, நாணயத்துக்கு நினைவு கிடையாது. 1913ல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தபோது, 'இனி சிவப்புதான்' என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட ஆபத்தானது: பாதிப்பு உள்ள இடத்தில் இல்லை என்று நினைத்துப் பெருக்குவது. 1999ல் இங்கிலாந்தில், அடுத்தடுத்து இறந்த தன் இரண்டு கைக்குழந்தைகளையும் கொன்றதாக ஒரு தாய் மீது நடந்த வழக்கில், ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்க 8,543ல் ஒரு வாய்ப்பு, ஆகவே இரண்டுக்கு அதையே அதால் பெருக்கி சுமார் 7.3 கோடியில் ஒன்று என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். ஒரே குடும்பம், ஒரே மரபணு, ஒரே வீடு. இரண்டு மரணங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று எந்த ஆதாரத்தில் பெருக்கினார்கள்?

அந்த எண் சரி என்றே வைத்தாலும், அது தாய் நிரபராதி என்பதற்கான வாய்ப்பு ஆகாது. 1ஆம் படியில் பார்த்த அதே குழப்பம்தான். இரண்டு குழந்தைகளையும் தாயே கொல்வதும் அரிதிலும் அரிது, அந்த அரிதோடு ஒப்பிடாமல் ஒரு பக்க எண்ணை மட்டும் காட்டினால் எதுவும் நிரூபணமாகாது. அரச புள்ளியியல் கழகம் 2001ல் இந்தக் கணக்கைப் பகிரங்கமாகக் கண்டித்தது, 2003ல் தண்டனை ரத்தானது. அதற்குள் அந்தத் தாய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார். இந்தப் படியை யாரும் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

7. சராசரி, சதவீதம்: 'எதன் மேல்?' என்று கேளுங்கள்

போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், திரும்பும்போது 40. சராசரி 50 இல்லை, 48. ஒரு வழி 120 கிலோமீட்டர் என்றால் போக 2 மணி, வர 3 மணி, 240ஐ 5ஆல் வகுங்கள். மெதுவாகப் போகும் வேகத்தில் அதிக நேரம் இருக்கிறோம். போகும்போது 30ல் போய்விட்டு, மொத்தச் சராசரியை 60 ஆக்க எவ்வளவு வேகத்தில் திரும்ப வேண்டும் என்று கேட்டால் 90 என்று சொல்லத் தோன்றும். 240 கிலோமீட்டரை 60ல் கடக்க 4 மணி நேரம் வேண்டும், அந்த 4 மணி நேரமும் போகும்போதே தீர்ந்துவிட்டது. எந்த வேகமும் போதாது.

சதவீதம் என்று பார்த்தாலே அருகில் 'எதில்' என்று எழுதுங்கள். 20% ஏறி 20% இறங்கினால் பழைய இடத்துக்கு வராது, 100, 120, 96. இறங்கும்போது 20% என்பது 120ல்.

'ஆபத்து இரட்டிப்பு' என்ற செய்திக்கும் இதே மருந்து. 1995ல் பிரிட்டனில் ஒரு வகைக் கருத்தடை மாத்திரை இரத்தக் கட்டி ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறது என்று எச்சரித்தார்கள். பலர் பயந்து நிறுத்தினார்கள். உண்மை எண்கள்: 7,000 பெண்களில் ஒருவர் என்பது 7,000ல் இருவர் ஆனது. இரண்டு கூற்றும் பொய்யில்லை, ஆனால் இரண்டாவதைக் கேட்டால்தான் ஒருவரால் முடிவெடுக்க முடியும்.

8. மொத்தத்தை ஒருமுறை உடைத்துப் பாருங்கள்

சிறுநீரகக் கல் சிகிச்சை பற்றி 1986ல் வெளியான ஓர் ஆய்வில் திறந்த அறுவை 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, 78%. சிறு துளை வழியாகக் கல்லை எடுக்கும் முறை 350ல் 289, 83%. இரண்டாவதே மேல் என்று தோன்றுகிறதா? கல்லின் அளவு வாரியாக உடைத்தால், சிறிய கல்: திறந்த அறுவை 87ல் 81 (93%), துளை முறை 270ல் 234 (87%). பெரிய கல்: 263ல் 192 (73%), 80ல் 55 (69%). இரண்டிலும் திறந்த அறுவைதான் மேல்!

கடினமான பெரிய கற்கள் பெரும்பாலும் திறந்த அறுவைக்கு அனுப்பப்பட்டதால் மொத்தக் கணக்கில் அது அடிபட்டது. ஆகவே இரண்டு மொத்தச் சதவீதங்களை ஒப்பிடும் முன், யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எதை வைத்து முடிவானது என்று கேளுங்கள். கண்டதையெல்லாம் வைத்து உடைக்கக் கூடாது. முடிவைத் தீர்மானித்த காரணம் எதுவோ, அதை வைத்து உடையுங்கள்.

கூடவே எண்ணிக்கையின் அளவையும் பாருங்கள். நாணயத்தை 10 முறை சுண்டினால் 7 அல்லது அதற்கு மேல் தலை விழ 17% வாய்ப்பு. 100 முறை சுண்டி 70 அல்லது அதற்கு மேல் விழுவது சுமார் 25,000ல் ஒரு முறை. தரவரிசைப் பட்டியல்களில் உச்சியிலும் அடியிலும் சிறிய குழுக்களே வந்து நிற்பதற்கு இதுவே போதுமான காரணம், வேறு ரகசியம் தேடத் தேவையில்லை.

9. விரிதாளில் ஓட்டிப் பாருங்கள்

விடை கிடைத்ததும் 1,000 வரிகளில் ஆட்டத்தை ஓட்டுங்கள். மூன்று கதவுக்கு: ஒரு நெடுவரிசையில் பரிசு இருக்கும் கதவு (1 முதல் 3 வரை தற்செயல் எண்), அடுத்ததில் உங்கள் கதவு, அதற்கடுத்து நடத்துபவர் திறப்பது. அந்த மூன்றாவது நெடுவரிசையை நிரப்பும்போது அவருடைய விதியை நீங்கள் எழுதியே ஆக வேண்டும், தட்டிக்கழிக்க வழியில்லை.

100 வரி ஓட்டினால் விடை சுமார் 10 சதவீதப் புள்ளி அங்கே இங்கே ஆடும், 1,000 வரிக்கு 3 புள்ளி. 1/2க்கும் 2/3க்கும் இடையே 16 புள்ளிக்கு மேல் வித்தியாசம் என்பதால் 1,000 தாராளம்.

தாளில் வந்த விடையும் விரிதாள் விடையும் ஒத்துப்போகாவிட்டால், எந்த வரிகளை நீக்கினீர்கள் என்று முதலில் பாருங்கள். கேள்விக்குள் வராத ஆட்டங்களை நீக்க மறப்பதும், வரவேண்டியதை நீக்கிவிடுவதும்தான் இங்கே நடக்கும் வழக்கமான தவறு.

ஓட்டிப் பழக ஒரு கணக்கு. நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். 'தலை-பூ' என்று அடுத்தடுத்து வரும் வரை சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? 'தலை-தலை' வரும் வரை? இரண்டு சுண்டலில் இரண்டுக்கும் வாய்ப்பு 1/4தான், ஆனால் சராசரி முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 6. தலை-பூவுக்குக் காத்திருக்கும்போது ஒரு தலை விழுந்துவிட்டால் அடுத்ததும் தலையாக வந்தாலும் நஷ்டமில்லை, அந்தத் தலை கையில் இருக்கிறது, பூவுக்காகக் காத்திருந்தால் போதும். தலை-தலைக்கு அப்படியில்லை, நடுவில் ஒரு பூ விழுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.